ஐந்து மாதம்

கழக்கூட்டத்தில் ஏழாவது மாடி.
என் தாளை மேலிருந்து கீழே படித்து வந்தவர்
ஓரிடத்தில் நகத்தை ஊன்றினார்.
"நவம்பரிலிருந்து மார்ச் வரை
இங்கே ஒன்றுமே இல்லையே?"

தயார் செய்துகொண்டிருந்தேன் சார் என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருந்தால்
நவம்பரில் தொடங்கியிருக்க முடியாது.
அதற்கு முன்னால் ஆரல்வாய்மொழி இருக்கிறது.
மின்பொறியியல் முடித்த கையோடு
காற்றாலைக் கம்பெனியில் சேர்ந்தேன்.
பெண்பிள்ளையை எப்படி மேலே ஏற்ற என்று
கீழே ஒரு தகர அறையில் உட்காரவைத்தார்கள்.
எந்தக் காற்றாடி எத்தனை மணி நேரம் நின்றது,
ஏன் நின்றது:
இதுதான் பதினோரு மாதம் நான் தட்டச்சிட்டது.
ஒரு ஞாயிறு, மேலாளர் இல்லாதபோது,
அனிஷ்டன் இடுப்புப்பட்டையைக் கழற்றித் தந்தான்.
எண்பது மீட்டர் ஏணி.
உச்சியில் முழங்கால் நடுங்க நின்றபோது
அந்தப் பெரிய தலை மெல்லத் திரும்பியது,
காற்று எங்கே என்று பார்ப்பது போல.
திங்கட்கிழமை மறுபடி தகர அறை.

பிறகு மார்த்தாண்டத்தில் நகைக்கடன்.
இரண்டாயிரம் ரூபாய் கூடுதல், குளிர்சாதனம், டார்கெட்.
மேம்பாலத்துக்குக் கீழே
ஊர்ச் சங்கிலிகளையெல்லாம் எடைபோட்டேன்.
என்னோடு படித்த பெனிட்டாவின் அம்மை ஒருநாள் வந்தாள்,
கனடாவுக்குப் பணம் கட்டவேண்டும் என்று.
தாலிச்செயின் இருபத்தோரு கிராம்.
கைகள் எனக்கு நடுங்கவில்லை.
அன்று மாத இலக்கு முடிந்தது,
கிளையில் கேக் வெட்டினார்கள்.
நான்தான் முதலில் கைதட்டினேன்.
அதனால் விட்டேன் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
விட்டது இரண்டு மாதம் கழித்து,
இலக்கை எட்டாமல்.

இனி நவம்பர்.

இரண்டு வாரம் வீட்டில் சொல்லவில்லை.
ஏழே காலுக்குச் சோற்றுப்பாத்திரத்தோடு இறங்கி
வடசேரி பஸ் நிலையத்தில்
திருநெல்வேலி வண்டிகள் புறப்படுவதை எண்ணுவேன்.
பத்து மணிக்கு நூலகம்.
பன்னிரண்டரைக்குச் சாப்பாடு,
அலுவலக ஒழுங்கு பிசகாமல்.
மழை பெய்த ஒரு புதன்கிழமை
அப்பாவின் மினிலாரி எதிரே வந்து நின்றது.
சிமெண்ட் மூட்டைகள், தார்ப்பாய்,
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
வண்டி நகர்ந்துவிட்டது.

இரவு கை கழுவிக்கொண்டே சொன்னார்:
"நாளைக்குச் சோறு கெட்டண்டாம்னு
அம்மைட்ட சொல்லியாச்சு.
உச்சைக்கு வீட்ல வந்து தின்னு."

அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.
பேச்சு கோயில் வாசலில் இருந்தது.
"கிட்டிச்சா பிள்ளே?"
டிசம்பரில் கிறிஸ்துமஸ் தொப்பியோடும் அதையே கேட்டார்கள்.
அனிஷ்டன் அனுப்பிய பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு
காற்றாடி நிற்பதற்கு ஒருநாள் முன்பே கண்டுபிடிக்கும்
நிரல் ஒன்று எழுதிப்பார்த்தேன்.
பாதி நேரம் பொய் சொன்னது.
மார்ச்சில் கால்வாசி நேரம்.
அதைத்தான் அந்தத் தாளில்
வேறொரு மூலையில், சின்ன எழுத்தில் போட்டிருந்தேன்.
அவர் நகம் அங்கே போகவில்லை.

திரும்பும் பாசஞ்சரை
கிராசிங்குக்காகப் பாறசாலையில் போட்டுவிட்டார்கள்.
போன் சிணுங்கியது.
எடுத்துக்கொள்கிறார்களாம்,
ஆறு மாதம் தகுதிகாண்.
நகைக்கடனைவிட நாலாயிரம் குறைவு.
சீசன் டிக்கெட் போக எவ்வளவு என்று
கையுறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
இரணியல் நர்ஸ் ஒருத்தி
என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்,
பேர்கூடத் தெரியாது.

தாளை வெளியே எடுத்தேன்.
நகம் பட்ட இடம் பிறையாய்ப் பதிந்திருந்தது.
நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே
கணக்குப் போட்ட பென்சிலாலேயே எழுதினேன்,
தகர அறையில் நூறு தடவை தட்டச்சிட்ட வரி:
"காற்று குறைவு. பராமரிப்புக் காலம்."

எழுதியதும் வெட்கமாகிவிட்டது.
அழிக்கலாம் என்று பைக்குள் துழாவினேன்.
வண்டி குழித்துறையை நெருங்கிக்கொண்டிருந்தது,
இரண்டு பக்கமும் ரப்பர், ரப்பர்,
கண்ணுக்கெட்டிய வரை ரப்பர்.
பையில் ஒரு துண்டு இல்லை.